வங்கம் தந்த விடுதலை மறவர்கள்

பிழைப்பை நாடி வங்க நாட்டுக்கு வந்து, இக்கொல்கத்தா மாநகரையே வாழ்விடமாகக் கொண்டுவிட்ட தமிழ்க் குடும்பத்தினராகிய நாம் நாள்தோறும் சில பெயர்களைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றோம். அலுவலகம் செல்வோர் பி.பி.டி. பாகில் இறங்குகின்றனர். மெட்ரோ இரயிலில் செல்வோர் ஜதீன் தாஸ் பார்க், மாஸ்டர்தா சூரிய சென், சாகித் குதிராம் என்னும் நிலையங்களைக் கடந்து செல்கின்றனர். சியால்தாவிலிருந்து தெற்கே செல்லும் வண்டி பாகா ஜதீன் நிலையத்தில் நிற்கின்றது. பயணச்சீட்டு வாங்கும்போதும், வழி கேட்பார்க்கு வழி கூறும்போதும் இப்பெயர்கள் நம் நாவில் புரள்கின்றன. ஆயினும், இப்பெயர்களுக்கு உரியவர் யாவர், அவர் எவ்வாறு வாழ்ந்தனர், எதன்பொருட்டு மாண்டனர் என்று நம் இல்லத்துப் பிள்ளைகள் வினவினால், தடையின்றி விடை பகர வல்லார் நம்முள் எத்துணைப் பேர்? அவ்வினாவிற்கு ஒருவாறு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வீரர் பிறந்த வீடுகள்

விடுதலைக்காக உயிர் கொடுத்தோரைப் பற்றி நினைக்கும்போது, அவர்கள் நம்மின் வேறுபட்ட பிறவியினர் என்றும், அச்சமென்பதை அறியாது பிறந்த போர் மறவர் என்றும் எண்ணிவிடுகின்றோம். உண்மை அதுவன்று. ஆங்கில அரசாங்கமே தொகுத்து வைத்த கணக்கு ஒன்று உண்டு. நீதிபதி ரௌலட்டின் தலைமையில் அமைந்த குழு 1918ஆம் ஆண்டில் தன் அறிக்கையை வெளியிட்டது. 1907 முதல் 1917 வரை வங்கத்தில் புரட்சிச் செயல்களுக்காகத் தண்டனை பெற்றவரும், செயற்களத்தில் மாண்டவருமாக 186 பேரை அவ்வறிக்கை கணக்கிட்டது. அவர்களுள் மாணவர் 68 பேர். ஆசிரியர் 16 பேர். குமாஸ்தாக்களும் அரசாங்க ஊழியர்களும் 20 பேர். வயதை நோக்கினால், 16 முதல் 25 வரையுள்ளோர் 124 பேர்.

இக்கணக்கு நமக்கு உணர்த்துவது யாது? அவர்கள் போர்க்குடியில் பிறந்து வாட்பயிற்சி பெற்று வளர்ந்தவர் அல்லர். மாதச் சம்பளத்தை எதிர்நோக்கி வாழ்ந்த இல்லங்களில், பிள்ளை படித்து ஒரு வேலையில் அமர்ந்துவிட்டால் போதும் என்று பெற்றோர் காத்திருந்த இல்லங்களில் பிறந்தவர்கள். நம் இல்லங்களும் அத்தகையன அல்லவா? அதனாலேயே அவர்தம் வரலாறு நம் நெஞ்சைத் தனித்துத் தொடுகின்றது.

பிரிவினை மூட்டிய தீ

1902ஆம் ஆண்டில் கல்கத்தாவில் அனுசீலன் சமிதி என்னும் அமைப்பு தோன்றியது. உடற்பயிற்சியும், சிலம்பம் போன்ற தடி வித்தையும், நல்லொழுக்கமும் பயிற்றும் சங்கமாகவே அது தொடங்கிற்று. 1905ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் கர்சன் பிரபு வங்கத்தை இரு கூறாக்கினார். அன்று மூண்ட தீ, பயிற்சிக் கூடங்களில் இருந்த இளைஞரைப் பற்றிக்கொண்டது. அயல்நாட்டுத் துணியை எரித்தோர் பலர். கல்லூரியைத் துறந்தோர் பலர். அவ்வளவோடு அமையாது படைக்கலம் தேடியோர் சிலர். அச்சிலருக்கு அரவிந்தரின் இளவல் பரீந்திர குமார் கோஷ் தலைவரானார். அவரும் தோழர்களும் 1906இல் "யுகாந்தர்" என்னும் இதழைத் தொடங்கினர். மாணிக்தலாவில் முராரிபுகூர்த் தோட்ட வீட்டில் வெடிகுண்டு செய்யும் முயற்சி மறைவாக நடைபெற்றது.

குதிராமும் ஒரு பெரும் பிழையும்

மேதினிபூர் மாவட்டத்தில் 1889ஆம் ஆண்டு பிறந்தவர் குதிராம் போஸ். இளமையிலேயே தாய் தந்தையரை இழந்து, தமக்கையின் அரவணைப்பில் வளர்ந்தவர். முன்னர்ப் பிறந்த ஆண் மக்கள் இறந்துபட்டமையால், இப்பிள்ளையேனும் தங்க வேண்டுமென்று தமக்கை மூன்று பிடி குறுநொய் கொடுத்து அவரை விலைக்கு வாங்கினார் என்றும், "குத்" எனப்படும் அந்நொய்யே பெயராயிற்று என்றும் கூறுவர். நம் நாட்டிலும் பிள்ளை நிலைக்க வேண்டிக் குப்பையில் புரட்டிக் "குப்பன்" என்று பெயரிடும் வழக்கம் உண்டன்றோ?

அக்காலத்தில் கல்கத்தாவின் தலைமை மாஜிஸ்திரேட்டாக இருந்தவர் கிங்ஸ்போர்டு. சுசீல் சென் என்னும் 15 வயது மாணவனுக்குக் கசையடித் தண்டனை விதித்தவர் அவர். பின்னர் அவர் பீகாரிலுள்ள முசாபர்பூருக்கு மாற்றப்பட்டார். அவரைக் கொல்லும் பணி குதிராமிடமும் பிரபுல்ல சாகியிடமும் ஒப்படைக்கப்பட்டது. 1908ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் இரவு, கிங்ஸ்போர்டின் வண்டி என்று கருதி அவர்கள் குண்டு வீசினர். வண்டியில் இருந்தவரோ பாரிஸ்டர் கென்னடியின் மனைவியும் மகளும் ஆவர். குற்றமற்ற பெண்மணியர் இருவரும் உயிரிழந்தனர்.

இந்நிகழ்ச்சியை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. வீரரைப் போற்றுவோர் அவர்தம் கைப்பிழையையும் மறவாது கூறுதல் வேண்டும். இருள் சூழ்ந்த தெருவில் வீசப்பட்ட குண்டு, குற்றவாளியையும் குற்றமற்றவரையும் பிரித்தறியாது. இவ்வழியின் பெருங்குறை முதல் நாளிலேயே வெளிப்பட்டுவிட்டது.

பிரபுல்ல சாகி மொகாமா நிலையத்தில் போலீசார் சூழ்ந்தபோது தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மாண்டார். இரவெல்லாம் நடந்து வைனி நிலையத்தை அடைந்த குதிராம், பசியாலும் தாகத்தாலும் களைத்த நிலையில் பிடிபட்டார். அந்நிலையம் இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றது. 1908 ஆகஸ்டு 11ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். அப்போது அவருக்கு வயது 18. முசாபர்பூர் நிகழ்ச்சியைப் பற்றித் தம் "கேசரி" இதழில் எழுதியமைக்காகத் திலகர் பெருமான் ஆறாண்டுத் தண்டனை பெற்று மாந்தலே சிறைக்குச் சென்றார்.

தெற்கே பரவிய ஒளி

தோட்ட வீடு சோதனையிடப்பட்டு, அலிப்பூர் வழக்குத் தொடங்கிற்று. சித்தரஞ்சன் தாஸ் வாதாடி 1909 மே மாதத்தில் அரவிந்தரை விடுவித்தார். பரீந்திரரும் உல்லாஸ்கர் தத்தும் தூக்குத் தண்டனை பெற்று, மேல்முறையீட்டில் அது ஆயுள் தண்டனையாக மாற, அந்தமான் சென்றனர்.

இக்காலத்து வங்கத்தின் எழுச்சி தமிழகத்தையும் தொட்டது. 1907இல் விபின் சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் ஆற்றிய சொற்பொழிவுகள் இளைஞரைக் கிளர்ந்தெழச் செய்தன. 1908 மார்ச்சு மாதத்தில் அப்பெருமகன் சிறையினின்றும் விடுதலை பெற்ற நாளைத் திருநெல்வேலிச் சீமையில் கொண்டாட முனைந்தபோதே வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் சிறைப்பட்டனர். பாரதியாரோ வங்கத்தில் தொண்டாற்றிய நிவேதிதா தேவியைத் தம் குருவாகவே போற்றினார். 1910 ஏப்ரல் 4ஆம் நாள் அரவிந்தர் புதுவை வந்து சேர்ந்தார், பாரதியாரும் வ.வே.சு.ஐயரும் அங்கே அவரோடு பழகினர். எனவே வங்க மறவர் வரலாறு நமக்கு அயலார் வரலாறு ஆகாது.

குமாஸ்தாவும் புலியும்

வங்க அரசாங்கச் செயலகத்தில் சுருக்கெழுத்தாளராகப் பணி புரிந்தவர் ஜதீந்திரநாத் முகர்ஜி. ஊர்ப்புறத்தில் மக்களை அச்சுறுத்திய புலியொன்றைக் கத்தி ஒன்றே துணையாகக் கொன்றமையால் "பாகா ஜதீன்", அஃதாவது "புலி ஜதீன்" எனப் பெயர் பெற்றார். பகலில் அரசாங்கத்தின் கடிதங்களை எழுதியவர், மற்ற நேரத்தில் அவ்வரசாங்கத்தை அகற்றும் வழியைத் தேடினார். 1910இல் சிறைப்பட்டு மறு ஆண்டு விடுதலையான பின்னர், வேலையிழந்த அவர் முழுநேரமும் அத்தொண்டில் ஈடுபட்டார்.

குமாஸ்தா ஒருவரின் துணிவுக்கு மற்றுமொரு சான்று கூறுவோம். 1914 ஆகஸ்டு 26ஆம் நாள் ரோடா என்னும் ஆயுத வணிக நிறுவனத்துக்குச் சுங்கச்சாவடியில் 202 பெட்டிகள் வந்திருந்தன. அவற்றை எடுத்துவரச் சென்றவர் அந்நிறுவனத்தின் குமாஸ்தா ஸ்ரீஷ் மித்திரர். 192 பெட்டிகளைக் கிடங்கில் சேர்த்துவிட்டு, எஞ்சியவற்றைக் கொணர்வதாகச் சொல்லிச் சென்றார், பின்னர்த் திரும்பவில்லை. எஞ்சிய 10 பெட்டிகளில் இருந்தவை 50 மௌசர்க் கைத்துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும் ஆகும். மாட்டு வண்டியில் ஏறி அவை புரட்சியாளர் கைக்குச் சென்றன.

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. ஜெர்மனியிலிருந்து படைக்கலம் பெற்று நாடெங்கும் கிளர்ச்சி செய்யத் திட்டம் வகுத்த ஜதீன், கப்பலை எதிர்நோக்கி ஒரிசாவின் பாலசோர்ப் பகுதியில் தங்கினார். கப்பல் வரவில்லை, போலீசாரே வந்தனர். 1915 செப்டம்பர் 9ஆம் நாள், புடிபாலாம் ஆற்றங்கரையருகே ஐவர் மட்டும் ஒரு புதர் மேட்டில் நின்று போலீஸ் படையை எதிர்த்துப் போரிட்டனர். சித்தப்பிரியர் களத்திலேயே வீழ்ந்தார். படுகாயமுற்ற ஜதீன் மறுநாள் மருத்துவமனையில் உயிர் நீத்தார். எஞ்சிய மூவருள் இருவர் தூக்கு மேடை ஏறினர்.

அறுபத்து மூன்று நாட்கள்

கொல்லும் துணிவினும் பெரியது ஒன்றுண்டு. அதனைக் காட்டியவர் இக்கல்கத்தாவில் 1904இல் பிறந்த ஜதீந்திரநாத் தாஸ். பகத்சிங் குழுவினருக்கு வெடிகுண்டு செய்யும் முறையைக் கற்பித்தவர் என்னும் காரணத்தால் 1929 ஜூன் மாதத்தில் சிறைப்பட்டு லாகூருக்குக் கொண்டு செல்லப்பட்டார். அரசியல் கைதிகளை மனிதராக நடத்த வேண்டும், நல்லுணவும் நூல்களும் தர வேண்டும் என்னும் கோரிக்கைகளுக்காக ஜூலை 13ஆம் நாள் அவரும் தோழரும் உண்ணா நோன்பு தொடங்கினர். முன்பே மைமன்சிங் சிறையில் நோன்பிருந்து அதன் கொடுமையை அறிந்தவர் ஜதீன். ஆதலின் தொடங்கினால் இறுதிவரை விடுவதில்லை என்னும் உறுதியோடே தொடங்கினார்.

சிறை அதிகாரிகள் குழாய் வழியே பாலைப் புகட்ட முயன்றனர். அது நுரையீரலிற் புகுந்து அவர் உடல் நலிவுற்றது. கால்கள் செயலிழந்தன, பார்வை மங்கியது. பிணையில் விட அரசாங்கம் முன்வந்தபோது, நிபந்தனைக்குட்பட்ட விடுதலையை அவர் ஏற்கவில்லை. செப்டம்பர் 13ஆம் நாள், 63 நாட்கள் நோன்பிருந்த பின்னர், 24 வயதில் அவர் உயிர் பிரிந்தது.

அவர் உடலைத் தாங்கிய இரயில் வண்டி லாகூரிலிருந்து கல்கத்தா வரும் வழியெங்கும் மக்கள் மலர் தூவி நின்றனர். ஹௌராவில் சுபாஷ் சந்திர போஸ் எதிர்கொண்டு பெற்றார். நகரமே திரண்டு பின்வர, நாம் நன்கறிந்த கேவராதலா இடுகாட்டில் அவர் உடல் எரியூட்டப்பட்டது. வெடிகுண்டு செய்யத் தெரிந்த அவ்விளைஞர், தம் உடலையன்றி வேறெதனையும் படைக்கலமாகக் கொள்ளாது இறந்தார் என்பது நினைந்து போற்றத்தக்கது.

பள்ளி ஆசிரியரின் படை

சிட்டகாங்கு மாவட்டத்து நவபாரா ஊரில் 1894இல் பிறந்த சூரிய சென் ஒரு பள்ளி ஆசிரியர். மெலிந்த உடல், தாழ்ந்த குரல், ஆரவாரமற்ற தோற்றம். "மாஸ்டர்தா", அஃதாவது "ஆசிரியர் அண்ணா" என்றே மாணவர் அவரை அழைத்தனர். அம்மாணவரையும் அவர்தம் தோழரையும் கொண்டே அவர் ஒரு படை அமைத்தார். அதற்கு இந்தியக் குடியரசுப் படை, சிட்டகாங்குக் கிளை எனப் பெயரிட்டார்.

1930 ஏப்ரல் 18ஆம் நாள், புனித வெள்ளியன்று இரவு 10 மணியளவில் அப்படை எழுந்தது. ஒரு குழுவினர் போலீஸ் ஆயுதக் கிடங்கைக் கைப்பற்றினர். மற்றொரு குழுவினர் துணைப்படையின் கிடங்கைக் கைப்பற்றினர். தந்தி, தொலைபேசி நிலையம் அழிக்கப்பட்டது. இரயில் பாதை துண்டிக்கப்பட்டது. ஆனால் துணைப்படைக் கிடங்கில் துப்பாக்கிகள் இருந்தனவே அன்றி, அவற்றுக்குரிய தோட்டாக்கள் கிடைக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் வகுத்த திட்டம் அவ்விடத்தில் இடறியது. எனினும் அன்றிரவு சூரிய சென் தேசியக் கொடி ஏற்றித் தற்காலிகப் புரட்சி அரசாங்கத்தை அறிவித்தார்.

நான்கு நாள் கழித்து, உணவும் நீருமின்றி ஜலாலாபாத் குன்றில் தங்கியிருந்த அவ்விளைஞரை இராணுவத்தினர் வளைத்தனர். மாலை தொடங்கி இருள் சூழும்வரை நடந்த போரில் 12 பேர் மாண்டனர். படைக்குத் தலைமை தாங்கிய லோகநாத் பாலின் தம்பி, சிறுவன் ஹரிகோபாலும் அவர்களுள் ஒருவன். அண்ணன் தலைமை தாங்க, அவன் கண்ணெதிரே தம்பி வீழ்ந்த அக்களத்தை நினைந்தால் புறநானூற்றுக் காலம் மீண்டும் வந்ததோ என்று தோன்றும்.

அவ்வாண்டு டிசம்பர் 8ஆம் நாள், கல்கத்தாவில் அரசாங்கத் தலைமைச் செயலகமான ரைட்டர்ஸ் கட்டடத்துள் வினய் பாசு, பாதல் குப்தா, தினேஷ் குப்தா ஆகிய மூவர் ஐரோப்பிய உடையணிந்து நுழைந்தனர். சிறைத்துறைத் தலைவர் சிம்ப்சனைச் சுட்டு வீழ்த்தினர். பாதல் நஞ்சுண்டு அங்கேயே மாண்டார். தம்மைச் சுட்டுக்கொண்ட வினய் ஐந்து நாளில் இறந்தார். பிழைத்த தினேஷ் 1931 ஜூலை 7ஆம் நாள், தம் 19ஆம் வயதில் தூக்கிலிடப்பட்டார். இம்மூவர் பெயரின் முதலெழுத்துக்களே டல்ஹௌசி சதுக்கத்துக்குப் பி.பி.டி. பாக் என்னும் புதுப்பெயர் தந்தன.

மகளிரும் இல்லங்களும்

சிட்டகாங்கு நகராண்மைக் குமாஸ்தா ஒருவரின் மகள் பிரீதிலதா வதேதார். கல்கத்தா பெத்யூன் கல்லூரியில் தத்துவம் பயின்றவர். தூக்குத் தண்டனை பெற்று அலிப்பூர்ச் சிறையில் இருந்த ராமகிருஷ்ண விசுவாசரை, உறவுப்பெண் எனக் கூறிப் பன்முறை சென்று கண்டு பேசியவர். பின்னர் ஊர் திரும்பிப் பள்ளித் தலைமையாசிரியையாகப் பணி செய்துகொண்டே சூரிய சென்னின் படையில் சேர்ந்தார். 1932 செப்டம்பரில் பாகர்த்தலி ஐரோப்பிய மனமகிழ் மன்றத்தைத் தாக்கிய குழுவுக்கு அவரே தலைமை தாங்கினார். அத்தாக்குதலில் ஓர் ஐரோப்பிய மாது இறந்தார், பலர் காயமுற்றனர். காயமுற்ற பிரீதிலதா பிடிபடுவதைவிட இறப்பதே மேல் என்று நஞ்சுண்டு மாண்டார், வயது 21. ஆங்கில அரசாங்கம் நிறுத்தி வைத்திருந்த அவருடைய பட்டத்தைக் கல்கத்தாப் பல்கலைக்கழகம் 2012ஆம் ஆண்டில், எண்பது ஆண்டு கழிந்தபின் வழங்கியது.

அவர் மறைந்தபின் அக்குடும்பம் என்னாயிற்று? தந்தை துயரத்தால் நிலைகுலைந்தார். தாயோ மருத்துவச்சி வேலை செய்து குடும்பத்தைக் காத்தார். தம் மகள் நாட்டுக்காக உயிர் கொடுத்தாள் என்று பெருமிதத்தோடு சொல்லிவந்தார். இச்செய்தியைப் பிரீதிலதாவின் தோழியும், அதே போராட்டத்தில் ஆயுள் தண்டனை பெற்றவருமான கல்பனா தத் தம் நினைவுக் குறிப்புக்களில் எழுதியுள்ளார். மறவர் ஒருவர் மாண்டால் அவர் துன்பம் ஒரு நாளில் முடிந்துவிடுகின்றது. அவர் வீட்டாரின் துன்பமோ அன்றுதான் தொடங்குகின்றது. தல்காட் கிராமத்தில் சூரிய சென்னுக்குப் புகலிடம் தந்த கைம்பெண் சாவித்திரி தேவியும் அவர் மகனும் சிறை புகுந்தனர். இத்தகைய இல்லங்கள் எத்தனையோ! அவர்கள் பெயரால் நிலையமும் இல்லை; சதுக்கமும் இல்லை.

ஏறத்தாழ மூன்றாண்டு காலம் கிராமத்து மக்கள் சூரிய சென்னை மறைத்துக் காத்தனர். 1933 பிப்ரவரியில், காட்டிக் கொடுப்பார் ஒருவரால் அவர் பிடிபட்டார். 1934 ஜனவரி 12ஆம் நாள் அவரும் தாரகேசுவர் தஸ்திதாரும் சிட்டகாங்குச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். உடலையும் உறவினரிடம் தராது வங்கக் கடலில் எறிந்தனர்.

வரலாறு கூறும் பாடம்

இவ்வளவு தியாகம் செய்தும் இவர்கள் தம் முயற்சியால் மட்டும் விடுதலை பெற இயலாமற் போனது ஏன்? முன்னர்க் கூறிய கணக்கிலேயே அதற்கு விடை உள்ளது. அந்த 186 பேருள் உழவர் ஒருவரே. ஏடு கற்ற இல்லங்களில் எரிந்த தீ, ஏர் பிடித்தார் குடிசைக்குச் சென்று சேரவில்லை. வங்கத்து மக்களுள் பெரும்பாலோராகிய முஸ்லிம்களும் இவ்வமைப்புக்களில் மிகச் சிலராகவே இருந்தனர். மறைவாக நடக்கும் சங்கத்தில் அனைவர்க்கும் இடமிருத்தல் அரிது. இதனை அவர்களே பின்னர் உணர்ந்தனர். அந்தமான் சிறையில் இருந்த புரட்சியாளருள் பெரும்பாலோர் வங்கத்தினர். 1933லும் 1937லும் உண்ணா நோன்பிருந்து போராடிய அவர்கள், சிறைக்குள் நூல்களைக் கற்று ஆராய்ந்தனர். 1938க்குள் தாயகம் திரும்பியவருள் பலர் உழவரிடையேயும் தொழிலாளரிடையேயும் தொண்டாற்றப் புகுந்தனர். சிட்டகாங்குத் தாக்குதலில் முன்னின்ற கணேஷ் கோஷ், 1967இல் தென் கல்கத்தா மக்களாலேயே நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அவர் கைக்கொண்ட வழியை ஏற்பாரும் உளர், மறுப்பாரும் உளர். ஆனால் அவர்தம் மன உறுதியை மறுப்பார் இலர். படிப்பும் வேலையும் குடும்பமும் நமக்கு இருப்பதுபோலவே அவர்க்கும் இருந்தன. அவற்றையெல்லாம் பெரிதென மதித்தும், அவற்றினும் பெரியது ஒன்றுண்டு என்று அவர்கள் கண்டனர். அவர்கள் மாண்ட சிட்டகாங்கு இன்று வங்காள தேசத்தில் உள்ளது. அந்நாட்டாரும் அவரைத் தம்மவராகப் போற்றுகின்றனர். எல்லைக்கோடுகள் பிரித்த நிலத்தை இறந்தோர் நினைவு இணைக்கின்றது.

தமிழைப் பேணுதற்கென்றே நாம் இச்சங்கத்தை நடத்தி வருகின்றோம். அது நம் கடமை. உண்ட மண்ணை அறிந்து போற்றுதலும் கடமையே. பொங்கலும் பாரதி விழாவும் கொண்டாடும் நம் மன்றத்தில், ஆகஸ்டு 11இலோ செப்டம்பர் 13இலோ ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, இம்மறவருள் ஒருவர் வரலாற்றையேனும் நம் சிறுவர் சிறுமியர் தமிழில் எழுந்து கூறுமாறு செய்வோமாக. அவர் வென்றதையும், தவறியதையும், அவர்தம் தாயர் அழுததையும் மறைக்காது கூறட்டும். உண்மையாகச் சொல்லப்பெறும் வரலாறே உள்ளத்தில் நிலைக்கும்.

வாழ்க அம்மறவர் புகழ்!